முறை வைக்காத மிஷின்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனை எதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்று திருச்செங்கோட்டில் பல பேருக்கு வயிற்றெரிச்சல். அவர்களுக்கெல்லாம் என் பதில் ஒன்றுதான். நிலம் என்னுடையது.

ஒரு பல்கலைக்கழகமும் இரண்டு இன்ஜினியரிங் காலேஜும் சேர்ந்து, ஆராய்ச்சிக்கென்று ஒரு பெரிய கம்ப்யூட்டரைப் பொதுவில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஆபீசில் சம்பளப் பட்டியல் போடுகிற ரகம் இல்லை. நாடு முழுக்கத் தேடினாலும் விரல் விட்டு எண்ணிவிடக் கூடிய ரகம். மிஷினை டெல்லி கொடுக்கும். ஆனால் மூன்று பேரும் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்று ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கட்டடம் நம்முடையதாக இருக்க வேண்டும். சங்ககிரி ரோட்டில் நாலு ஏக்கர் எழுதித் தருகிறேன், கட்டடத்தையும் நானே எழுப்பித் தருகிறேன் என்றேன். அதுவரை என்னைப் போர் போடுகிற ரிக்கு வண்டிக்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்கு எழுந்து நின்று நாற்காலி போட்டார்கள்.

கிணறு வெட்டுகிற இடத்தில் பாறைக்கு வெடி வைக்கும் கூலியாளாக ஆரம்பித்தவன் நான். இன்றைக்கு என் ரிக்குகள் ஆந்திராவிலும் மராட்டியத்திலும் போர் போட்டுக்கொண்டிருக்கின்றன. குழியிலிருந்து வரும் தூளின் நிறத்தைப் பார்த்து, கீழே என்ன கல், இன்னும் எத்தனை அடியில் ஈரம் என்று சொல்லுவேன். இதற்கு எந்தக் காலேஜும் எனக்குப் பட்டம் தரவில்லை.

மிஷின் வருவதற்கு முன்பே சண்டை வந்துவிட்டது. யார் வளாகத்தில் வைப்பது, சாவி யாரிடம் இருப்பது என்று மூன்று மாதம் கூடிக் கூடிக் கலைந்தார்கள். நான் பத்து நிமிடத்தில் தீர்த்து வைத்தேன். எங்கள் பக்கம் கூட்டுக் கிணற்றில் மூன்று பங்காளி இருந்தால் ஆளுக்கு இரண்டு நாள் முறை. உன் முறையன்றைக்கு நீ இறைத்தாலும் சரி, இறைக்காவிட்டாலும் சரி, அடுத்தவன் அந்தப் பக்கம் வரமாட்டான். வந்தால் வெட்டுக்குத்து. அதே மாதிரி மிஷினுக்கும் ஆளுக்கு இரண்டு நாள், ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் போட்டுத் துடைக்க என்றேன். சபையே கைதட்டியது. பல்கலைக்கழகப் பதிவாளர் அன்றைக்கே டைப் அடித்து வைத்தார். இங்கிலாந்து போய்வந்ததும் கையெழுத்து என்று முடிவாயிற்று.

மிஷின் இருக்கும் அறை எப்படி இருக்க வேண்டும் என்று பார்த்து வரத்தான் பயணம். போனது மூன்று பேர். நான் ஒருவன். என் தூரத்து மாப்பிள்ளை நல்லுசாமி. ஜவ்வரிசி ஆலையில் சம்பாதித்துக் காலேஜ் தொடங்கி, அதற்குத் தானே கரஸ்பாண்டன்டாகவும் ஆனவன். மூன்றாவது ஆள் இன்னொரு காலேஜின் பேராசிரியர் ஜமால். சேலம் கோட்டைக்காரர், செவ்வாய்ப்பேட்டையில் அவர் அப்பா மண்டி வைத்திருந்தவர். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். பூமிக்கடியில் பாறை எந்தப் பக்கம் வெடித்து ஓடுகிறது, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கணக்குப் போடுவதுதான் அவருக்கு ஆயுசு வேலை. அந்தக் கணக்குக்குத்தான் மிஷின் தேவை. மற்றவர்களுக்குத் திறப்பு விழா தேவை.

முதல் நாளே ரயில் எங்களைக் கவிழ்த்தது. அந்த ஊர் ரயில் பாதி வழியில் இரண்டாகப் பிரியும். முன்பெட்டிகள் ஒரு ஊருக்கு, பின்பெட்டிகள் வேறு ஊருக்கு. ஒலிபெருக்கியில் சொன்னார்களாம். பாய் அசந்து தூங்கிவிட்டார். எங்கள் இருவருக்கும் அந்த இங்கிலீஷ் ஏறவில்லை. கடைசியில் மழை கொட்டும் ஒரு குட்டி ஸ்டேஷனில் இறங்கினோம். சுற்றிலும் செம்மறி ஆடு. சேலம் ஜங்ஷனிலும் பெட்டி கழற்றுகிறார்கள். ஆனால் போர்ட்டர் வந்து, இது போகாது எறங்குய்யா என்று தட்டி எழுப்புவான். நாகரிகம் முற்றிப்போன ஊரில் தட்டி எழுப்ப ஆள் இல்லை.

“இதுக்குத்தானுங்க மாமா, முன்னால பொட்டிக்குப் போலாம்னேன்” என்றான் நல்லுசாமி.

“சன்னலோரம் வேணும்னு இந்தப் பொட்டிக்கு இழுத்துட்டு வந்தவனே நீதான். பேசாம நில்லு மாப்பிள்ளை.”

பெஞ்சில் இரண்டு பெண்பிள்ளைகள் எங்களைப் பார்த்து என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். என்னவென்று பாயைக் கேட்டேன். நனைந்த கோழிகள் மாதிரி இருக்கிறார்களாம்.

“நாமக்கல்லுக் கோழின்னு சொல்லுங்க பாய். சும்மா கோழின்னா எப்படி?”

அவர் அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டார். அவர்களுக்கு நாமக்கல் எங்கே என்று விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். “என்ன கல்லில் துளை போடுகிறாய்?” என்று கேட்டார். கருங்கல் என்றேன். “பாவம்” என்று சொல்லித் தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். சர்க்கரை இல்லாத டீ. அந்த நாட்டில் என்னை மதித்த முதல் மனுஷன் என்பதால் குடித்துத் தொலைத்தேன்.

இரண்டாம் நாள் காலையில் தங்கின வீட்டுக்கார அம்மா தட்டு வைத்தாள். பாதி வெந்த முட்டை, வறுத்த இறைச்சி, வாட்டின ரொட்டி, இனிப்புக் குழம்பில் மிதக்கிற மொச்சை. மொச்சையில் சர்க்கரை போடுகிறவனை எங்கள் ஊரில் வீட்டுக்குள் சேர்க்கமாட்டார்கள். பாய் இறைச்சி பக்கம் போகாமல் முட்டையும் ரொட்டியும் எடுத்துக்கொண்டார். நான் பையிலிருந்து பருப்புப்பொடியை எடுத்து ரொட்டி மேல் தூவி, நல்லெண்ணெயும் விட்டேன். வீட்டுக்கார அம்மா ஒரு சிட்டிகை கேட்டு வாங்கி நாக்கில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் இன்னொரு சிட்டிகை கேட்டாள். பரவாயில்லை, உருப்படுகிற குடும்பம்.

கம்ப்யூட்டர் இருந்த கட்டடம் எங்கள் ஊர் நெல் குடோன் மாதிரி மொட்டையாக இருந்தது. உள்ளே மார்கழி மாதக் குளிர். தரைக்குக் கீழே இன்னொரு தரை. நடுவில் ஆள் தவழ்ந்து போகலாம், கேபிளெல்லாம் அங்கே ஓடுகிறது. மிஷின் ஆள் உயர பீரோக்களாக வரிசை கட்டி நின்றது. அதன் சத்தம் எனக்குப் பிடித்தது; கம்ப்ரஸர் நல்லபடி ஓடும்போது வருகிற சத்தம். நல்லுசாமி டேப் எடுத்துத் தரையை அளந்தான். அப்புறம், “தலைவாசல் எந்தப் பக்கம் பார்த்துருக்குதுன்னு கேளுங்க பாய்” என்றான். பாய் கேட்கவில்லை.

அறைக்குப் பொறுப்பாக இருந்தவள் மார்கரெட் என்ற அம்மாள். ஐம்பது வயசிருக்கும், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். ஆறு பல்கலைக்கழகம் அந்த மிஷினைப் பொதுவில் வைத்திருக்கிறதாம். சில பல்கலைக்கழகம் மணிக்கணக்கான தூரத்தில். டெலிபோன் கம்பி வழியாகவே கணக்கை அனுப்புகிறார்களாம்.

“இன்னைக்கு யாரு முறைன்னு கேளுங்க” என்றேன்.

பாய் கேட்டார். அவளுக்கு விளங்கவில்லை. இரண்டாம் தடவை வேறு மாதிரி கேட்டார். அவள் யோசித்து, “யார் முறையும் இல்லை. எல்லாருடைய கணக்கும் வரிசையில் நிற்கிறது. சின்னது முதலில் போகும், பெரியது நடுவில் இடம் கிடைக்கும்போது போகும். ஒருத்தர் அதிகம் எடுத்துக்கொண்டால் அடுத்த வாரம் பின்னால் தள்ளிவிடுவோம்” என்றாள்.

எங்கள் ஏற்பாடு இதைவிட மேல் என்று நினைத்தேன். பாயிடம் விவரமாகச் சொல்லச் சொன்னேன். கூட்டுக் கிணறு, பங்காளிகள், ஆளுக்கு இரண்டு நாள், எல்லாம் சொன்னார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அவள் கேட்டாள்: “திங்கட்கிழமைக்காரரிடம் அன்றைக்குக் கணக்கு எதுவும் இல்லை என்றால்?”

“மிஷின் நிக்கும்” என்றேன்.

“மற்ற இரண்டு பேரிடம் வேலை காத்திருந்தாலுமா?”

“அவுங்க முறை வரட்டும். அடுத்தவன் முறையில கை வைக்கறது மரியாதை இல்லீங்க.”

மார்கரெட் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். சிரிக்கவில்லை. “இறைக்காத தண்ணீர் கிணற்றிலேயே இருக்கும். அடுத்த ஆள் அதை எடுத்துக்கொள்ளலாம். இந்த மிஷின் சும்மா நின்ற ஒரு மணி நேரம் எங்கே போய் இருக்கும்?” என்றாள்.

பாய் அதை மொழிபெயர்க்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. ஏழு கடல் தாண்டி வந்தவனைக் குளிரில் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறாளே என்று. கிணறு என்றால் என்னவென்று தெரியாதவள், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற ஊர்க்காரி. விருட்டென்று வெளியே வந்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் அவர்கள் கொடுத்த விருந்துக்கும் போகவில்லை. நல்லுசாமி போய்விட்டு வந்து, ஆட்டுக்கறிக்குப் புதினாச் சட்னி வைத்தார்கள் என்று ஏப்பம் விட்டான்.

மூன்றாம் நாள் விடிந்ததும் அந்த ஊர்த் தெருவில் நடந்தேன். ஒரு மூலையில் ரோட்டைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கம்ப்ரஸர் வண்டி நிற்கிறது, மூன்று ஆட்கள் டீ குடிக்கிறார்கள். என்னை அறியாமல், “மிஷினை நிறுத்திப்போட்டு என்னடா டீ” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. சீசனில் என் ரிக்கு ஒரு மணி நேரம் நின்றால் டிரில்லரைக் கண்டபடி பேசுகிறவன் நான். ஒரு தோட்டத்தில் குழி முடிந்ததும் ராடைக் கழற்றி அடுத்த தோட்டத்துக்கு ஓட்டுகிறவன் நான். யார் கூப்பிட்டாலும் வரிசைதான், மந்திரியாக இருந்தாலும் வரிசைதான் என்று பெயர் வாங்கினவன் நான். அப்படிப்பட்ட நானே ஒரு மிஷினைக் கொண்டுபோய்க் கிணறாக்கி வைத்திருக்கிறேன். அந்த அம்மாள் கேட்டதில் தப்பே இல்லை. தப்பு இல்லை என்பதுதான் இன்னும் எரிந்தது.

அன்றைக்குப் பாயின் கணக்குக்கு அனுமதி கிடைத்திருந்தது. என் ரிக்குகள் சேலம் ஜில்லாவில் போட்ட போர்களின் விவரத்தை அவர் ஒரு டேப் சுருளில் ஏற்றிக் கொண்டு வந்திருந்தார். எத்தனை அடியில் என்ன கல், எங்கே ஈரம், எங்கே தண்ணீரே இல்லாமல் வெறும் புகை. எல்லாம் என் டிரில்லர்கள் சொல்லச் சொல்ல அவர் கையால் எழுதினது. நம் ஊரில் இந்தக் கணக்கை ஓட்டை ஓட்டையாகப் போட்ட அட்டைகளை டிரங்குப் பெட்டியில் அடுக்கி பஸ்ஸில் மெட்ராஸ் கொண்டுபோவார். வாரக்கணக்கில் காத்திருந்தால் ஒரு அட்டையில் ஒரு ஓட்டை தப்பு என்று திரும்பி வரும். மறுபடியும் பெட்டி, மறுபடியும் பஸ். இப்படியே அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

மார்கரெட் அம்மாள் சுருளை மாட்டினாள். வரிசையில் ஏழாவது என்றாள். நாங்கள் போய் மீனும் உருளைக்கிழங்கும் தின்றுவிட்டு வந்தோம். உப்பும் காடியும் தவிர வேறு ருசி தெரியாத மீன். திரும்பி வந்தபோது மடிப்பு மடிப்பாகத் தாள் காத்திருந்தது.

பாய் அதைத் தரையில் விரித்து மண்டியிட்டு உட்கார்ந்தார். மடிப்பு மடிப்பாக நகர்த்திப் பார்த்தார். அப்புறம் ஒரு இடத்தில் விரல் வைத்தார். “அண்ணா, இது எடப்பாடிக்கு மேற்கே. இங்கே நீங்க மூணு போர் போட்டிருக்கீங்க.”

எனக்கு ஞாபகம் இருந்தது. சின்னப்பன் என்கிற குடியானவன். மூன்று குழியிலும் புகைதான். மூன்றாவது குழிக்குப் பிறகு தோட்டத்தை விற்றுவிட்டு எடப்பாடியில் விசைத்தறி ஓட்டப் போய்விட்டான்.

“வெடிப்பு இப்படிக் கிழக்கே திரும்புது. வேலி ஓரமா போட்டிருந்தா தண்ணி கிடைச்சிருக்கலாம்.”

“கெடைச்சிருக்கும்னு சொல்றீங்களா, கெடைச்சிருக்கலாம்னு சொல்றீங்களா?”

“கிடைச்சிருக்கலாம்ணா. இன்னும் பத்து இருபது தடவை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்லலாம். இங்கேன்னா ஒரு மாசம். நம்ம ஊர்லேன்னா என் ஆயுசு பத்தாது.”

அந்தப் பேச்சு மார்கரெட் அம்மாளுக்கு எப்படிப் புரிந்ததோ, அவள் போய் அவர்கள் பெரியவரைக் கூட்டிவந்தாள். அவர் தாளைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், அரை மணி நேரம் பேசினார். முடிவில், இங்கேயே மூன்று வருஷம் இருந்து ஜில்லா முழுமைக்கும் இந்த வேலையை முடியுங்கள், இடம் இருக்கிறது, ஒரு வாரத்தில் பதில் சொல்லுங்கள் என்றார். பாய் எனக்கு அதை மொழிபெயர்க்கவில்லை. நல்லுசாமிதான் சொன்னான். அவனுக்கு அந்த மட்டும் இங்கிலீஷ் வரும்.

திரும்பும்போது பஸ்ஸில் பாய் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“என்ன பாய், போறீங்களா?”

“தெரியலண்ணா. பிள்ளைங்க படிப்பு இருக்கு, அம்மா இருக்காங்க. ஆனா வாரத்துல ரெண்டு நாள் முறைன்னு மிஷின் வந்தா, எனக்கு அந்த ரெண்டு நாள்ல ஒரு மணி நேரம் குடுப்பாங்களா? எங்க காலேஜ்லயே எட்டு டிபார்ட்மென்ட்.”

“அந்த முறைய நான் ஒடைக்கறேன். வந்துருங்க.”

“நீங்க வச்ச முறை அது. சபையில கைதட்டு வாங்கினது. அதை நீங்களே உடைப்பீங்களா?”

“என் வாக்கு” என்றேன். நான் வாக்குக் கொடுத்துத் தவறினதாகச் சேலம் ஜில்லாவில் ஒருத்தன் சொல்லட்டும் பார்க்கலாம்.

பின் சீட்டிலிருந்து நல்லுசாமி தலையை நீட்டினான். “மாமா, எனக்குத் திங்கள் செவ்வாய் வேண்டாமுங்க. செவ்வாய்க்கெழமை நம்ம பக்கம் ஒண்ணும் ஆரம்பிக்கமாட்டாங்க. புதன் வியாழன் மாத்திக் குடுத்துருங்க.”



ஊர் திரும்பின ஐந்தாம் நாள் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பங்களாவில் கூட்டம். கேசரியும் பஜ்ஜியும் முன்கூட்டியே வந்து மேஜையில் மூடி வைத்திருந்தது. துணைவேந்தர் நடுவில், இரண்டு பக்கமும் காலேஜ்காரர்கள், பதிவாளர் கையில் தாள். பாயைக் கடைசி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

நான் எழுந்து சொன்னேன். முறை வேண்டாம், வரிசை வைக்கலாம், யார் கணக்கு முதலில் வருகிறதோ அது போகட்டும், மிஷின் நிற்கக் கூடாது. அந்த நாட்டில் பார்த்ததைச் சொன்னேன். என் ரிக்கு ஓடும் விதத்தைச் சொன்னேன்.

நல்லுசாமி சிரித்தான். “மாமா, முறைங்கறதே உங்க வாயில வந்ததுதானுங்களே. ஒரு தடவை சபையில சொன்னதை மாத்தறது உங்களுக்கு அழகுங்களா?”

இன்னொரு காலேஜ்காரர் ஒத்து ஊதினார். “வரிசைன்னா யாரு பெரியவங்க, யாரு சின்னவங்கன்னு ஆயிப்போகுமுங்க. எங்க கணக்கு அவுங்க கணக்குக்குப் பின்னால நிக்கறதா? ஆளுக்கு ரெண்டு நாளுன்னா கௌரவமா இருக்குது.”

“கௌரவத்துக்கு மிஷின் எதுக்குங்க? ஒரு தேர் வாங்கி நிறுத்திக்குங்க” என்றேன்.

துணைவேந்தர் கடிகாரத்தைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார். “ஐயா, உங்க உணர்ச்சி புரியுது. முதல்ல இப்படியே அனுப்புவோம். பிறகு போகப் போகப் பார்த்துக்கலாம்.”

போகப் போக. இந்த வார்த்தையை நான் எத்தனை ஆபீஸில் கேட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு எவனும் தன் இரண்டு நாளை விட்டுத்தரமாட்டான். கூட்டுக் கிணற்றில் பிறந்து வளர்ந்தவனுக்கா தெரியாது?

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தாளை அங்கேயே வைத்துவிட்டுக் கேசரித் தட்டைத் திறந்தார்கள். நான் வராந்தாவுக்கு வந்தேன். பாய் தூணோரம் நின்றிருந்தார்.

“இன்னைக்கே அவுங்களுக்குத் தந்தி குடுங்க, வாரேன்னு. நான் தோத்துட்டேன்” என்றேன். வாழ்க்கையில் நான் சொல்லாத வார்த்தை அது.

பாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “முந்தாநாளே வரலைன்னு தந்தி கொடுத்துட்டேண்ணா. நீங்க வாக்குன்னு சொன்னீங்க.”

ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் உள்ளே திரும்பிப் போனேன். எல்லார் கையிலும் தட்டு. மேஜைமேல் தாள் கிடந்தது. பதிவாளர் பையிலிருந்த பேனாவை எடுத்தேன். மூன்று கையெழுத்துக்கும் கீழே, எனக்குத் தெரிந்த எழுத்தில், பெரிசு பெரிசாக எழுதினேன்: ‘இந்த முறையைச் சொன்னவன் நான். கிணறும் மிஷினும் ஒன்று என்று நினைத்தேன். அது தப்பு. வரிசை வைத்தால் நிலம் உண்டு. முறை வைத்தால் நிலம் இல்லை.’ எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பதிவாளர் தட்டை வைத்துவிட்டு ஓடிவந்தார். எண்ணெய்க் கையோடு தாளை எடுத்துப் பார்த்தார். “என்னங்கய்யா இது? இந்தப் பக்கத்தை இப்போ டெல்லிக்கு எப்படி அனுப்பறது?”

“அனுப்ப முடியாதுங்க.”

“மறுபடியும் டைப் அடிச்சு மூணு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கணும். நிலம் கொடுக்கறவர் சம்மதமும் வேணும்.”

“வேணுமுங்க.”

நல்லுசாமி வாயில் பஜ்ஜியோடு, “மாமா, தப்புன்னு நீங்களே எழுதிட்டீங்களா? நாளைக்கு ஊருக்குள்ள என்ன பேசுவாங்க?” என்றான்.

“பேசட்டும். எழுத்துக்கூட்டிப் படிச்சுக் காட்டு, இன்னும் நல்லாப் பேசுவாங்க.”

துணைவேந்தர் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு பதிவாளரிடம், வருகிற வெள்ளிக்கிழமை மறுபடியும் கூட்டம் போடச் சொன்னார். வெளியே வந்து பாயிடம் சொன்னேன்: “வெள்ளிக்கெழமை நீங்க கடைசி நாற்காலியில உக்காரக் கூடாது. எம் பக்கத்துல உக்காருங்க. அங்க மிஷின் போட்டுக் குடுத்த தாளை அவுங்க முன்னால தரையில விரிச்சு, சின்னப்பன் தோட்டம் எங்க இருக்குதுன்னு காட்டுங்க.”